வன்னிப் புழுதியில் ஓடப்போகும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நிறம் தெரிவு செய்தல்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் தகரவேலை முடிந்து, பிறைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்கப்பட்டு, அது சாம்பல் நிறத்தில் கராஜ் கொட்டிலுக்குள் நிற்கும் நாளில்தான், அதுவரை எஞ்சினையும் கியர் பெட்டியையும் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த உரிமையாளர் நிறத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார். அது காலம் பிந்திய யோசனை. நிறத்தைப் பற்றிய தேடல் பழைய பெயின்றைச் சுரண்டுவதற்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும். ஏனெனில் அந்தக் காரின் நிற வரலாறு முழுவதும் அந்தப் பழைய படைகளுக்குள்தான் கிடந்தது.

வன்னியில் பழைய கார் என்றால் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியவைதான் முதலில் நினைவுக்கு வரும். எம்.ஜி.ஏ., எம்.ஜி. மிட்ஜெட், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், ட்ரையம்ப் ஸ்பிற்ஃபயர் போன்ற இரு இருக்கைக் கார்கள் இங்கே மிக அரிது. ஆயினும் 1958இல் வந்த முதலாவது ஸ்பிறைற்றின் 948 சீசீ எஞ்சின் அக்கால மொறிஸ் மைனரில் இருந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிப் பழகிய ஒரு தலைமுறைக்கு அந்த எஞ்சின் அந்நியமாகத் தோன்றாது. நிறம் அப்படியல்ல. அந்த நாட்களில் நிறத்தை யாரும் தெரிவு செய்யவில்லை. கடையில் எந்த டின் கிடைத்ததோ அதுவே காரின் நிறமாயிற்று. கதவுக்குப் பூசி மிஞ்சிய எனாமலைப் பிரஷ்ஷால் பூசிக்கொண்ட கார்களில் நானும் பயணம் செய்திருக்கிறேன். ஆகவே நிறம் தெரிவு செய்யும் பழக்கத்தை நாம் ஏறத்தாழப் புதிதாகவே கற்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். கார் தயாரிக்கப்பட்ட ஆண்டில் அந்தத் தொழிற்சாலை கொடுத்த நிறங்களுக்குள், உலோகத் தூள் கலவாத, வெளிறிய ஒன்றை எடுப்பதே வன்னிக்குப் பொருத்தம். இதை ஏற்காதவர்களும் கீழே சொல்லப்படும் பரிசோதனைகளைச் செய்துவிட்டு வேறு முடிவுக்கு வருவார்களாயின் எனக்கு மறுப்பில்லை.

முதலில் கார் எந்த நிறத்தில் பிறந்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். வெளியே தெரியும் இடங்களை நம்பக் கூடாது. அவை பல கைகள் மாறியவை, பல முறை பூசப்பட்டவை. டாஷ்போர்டின் அடிப்பக்கம், கதவு உட்பலகையைக் கழற்றினால் தெரியும் தகரம், டிக்கியின் விரிப்புக்குக் கீழுள்ள தரை, எஞ்சின் அறையில் இலக்கத் தகடு பொருத்தப்பட்டுள்ள இடத்தின் பின்புறம் ஆகியவற்றில்தான் வெயிலும் மறுபூச்சும் எட்டாத முதற் பூச்சு எஞ்சியிருக்கும். மட்காட்டில் ஓர் இடத்தைத் தெரிவு செய்து, மெல்லிய அரத்தாளைத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், மரத்தின் குறுக்குவெட்டில் வளையங்கள் தெரிவதுபோல ஒவ்வொரு படையும் ஒவ்வொரு வளையமாக வெளிப்படும். உள் நடுவில் தெரிவது தகரம். அதற்கு அடுத்திருப்பது பிறைமர். அதற்கு மேலிருப்பதே முதல் நிறம். இடையிடையே வரும் சாம்பல், செங்காவி வளையங்கள் பிற்காலப் பிறைமர்களாக இருக்கும். இந்த வளையத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னர்தான் சுரண்டும் வேலை தொடங்கலாம்.

பிரித்தானியக் கார் என்றால் காகித ஆதாரமும் கிடைக்கக்கூடும். இங்கிலாந்தின் கேய்டன் என்னும் ஊரிலுள்ள பிரித்தானிய மோட்டார் தொழில் மரபு அறக்கட்டளை, எம்.ஜி., ஒஸ்ரின், மொறிஸ், ட்ரையம்ப் முதலிய பல தயாரிப்புகளின் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. காரின் சட்டக இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், பதிவேடு எஞ்சியுள்ள கார்களுக்கு, அது வெளியேறிய நாள், அனுப்பப்பட்ட நாடு, அப்போதைய உடல் நிறம், இருக்கை நிறம் ஆகியவற்றுடன் ஒரு சான்றிதழ் தருகிறது. தகரத்தில் கண்ட வளையமும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்துவிட்டது.

அக்காலப் பட்டியல்கள் சிறியவை, அதுவே நமக்கு வசதி. 1955 முதல் 1962 வரை அபிங்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட எம்.ஜி.ஏ. முதலில் வந்தபோது ஓரியன்ற் றெட் என்னும் சிவப்பு, ரைறொலைற் கிறீன் என்னும் பச்சை, கிளேசியர் புளூ என்னும் இளநீலம், ஓல்ட் இங்கிலிஷ் வைற் என்னும் பாலாடை வெள்ளை, கறுப்பு என்ற சில நிறங்களுக்குள் அடங்கியிருந்தது. தவளைக்கண் என்று பெயர்பெற்ற அந்த முதலாவது ஸ்பிறைற்றுக்குச் செரி றெட், லீஃப் கிறீன், ஸ்பீட்வெல் புளூ, பிறிம்றோஸ் யெலோ முதலியன இருந்தன. ஓல்ட் இங்கிலிஷ் வைற் இரண்டிலும் உண்டு. பெயரை மட்டும் கேட்டு இதை வெள்ளை என்று எண்ணிவிட வேண்டாம். காய்ச்சிய பாலின் மேற்படையைப் போன்ற, மஞ்சள் சாயல் கொண்ட நிறம் அது. இன்றைய வான்களின் பளிச்சென்ற வெள்ளையை இந்தக் காரில் அடித்தால் அது குளிர்சாதனப் பெட்டியைப் போல் தோன்றும்.

கார் வேறு நிறத்தில் பிறந்திருந்தாலும் அதே பட்டியலின் இன்னொரு நிறத்துக்கு மாறுவதில் தவறில்லை என்பது என் கருத்து. ஆனால் மாற்றுபவர் இரண்டு விடயங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த வகைக் கார்களில் எஞ்சின் அறையும் உடலின் நிறத்திலேயே இருந்தது. ஆகவே நிறத்தை உண்மையாக மாற்றுவதென்றால் எஞ்சினை இறக்கி, வயர்களை விலக்கி, கதவுச் சட்டம், டிக்கி உட்புறம், பொனற்றின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் பூச வேண்டும். அதைச் செய்யாமல் வெளியே மட்டும் மாற்றினால், பொனற்றைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பழைய நிறம் எட்டிப்பார்க்கும். அடுத்து, பதிவுப் புத்தகத்தில் நிறம் எழுதப்பட்டிருக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை மாற்றிப் பதியாமல் வீதிக்கு இறங்கினால், வழியில் மறிக்கும் ஒவ்வொரு பொலிஸ்காரருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

இனி வெயிலும் புழுதியும். இங்கிலாந்தின் மப்பு வானத்துக்காகத் தெரிவு செய்யப்பட்ட நிறம் கிளிநொச்சியின் மதிய வெயிலில் வேறொன்றாக மாறிவிடும். உச்சி வெயில் நிறத்தை வெளிறச் செய்கிறது. இளநீலம் ஏறத்தாழ வெள்ளையாகத் தெரியும். அந்தியில், அதாவது இரணைமடுக் குளக்கட்டில் மனிதர்கள் காற்று வாங்க வரும் நேரத்தில், அதே நிறங்கள் திரும்பி உயிர்பெறும். காரை நீங்கள் எந்த நேரத்தில் அதிகம் ஓட்டப் போகிறீர்கள் என்பதும் இங்கே கணக்கில் வரும். ஓய்வுநாள் மாலைகளில் மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு ஆழ்ந்த நிறம் அழகுதான்.

புழுதியோ நேரம் பார்ப்பதில்லை. ஏ-9 வீதியில் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை போவதற்குத் தடையில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு மைல் பெரும்பாலும் கிறவல் வீதியாகவே இருக்கும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்தச் செம்புழுதி, முன்னே செல்லும் டிப்பரின் சில்லிலிருந்து எழுந்து, திறந்த காரின் இருக்கை வரை வந்து படியும். எனவே எந்த நிறத்தை எடுத்தாலும் அதன் மேல் ஒரு மெல்லிய செம்படை எப்போதும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தெரிவு செய்ய வேண்டும். பாலாடை வெள்ளையிலும் இளமஞ்சளிலும் அது தூரத்துக்குத் தெரியாது. சிவப்பில் அது வெளிறிய மாவைப் போலவும், நீலத்தில் அழுக்காகவும், கரும்பச்சையில் காய்ந்த சேறாகவும், கறுப்பில் ஒரு விரல் தொட்ட இடம்கூடத் தெரியும்படியும் படிகிறது.

இதைச் சொல்லி நம்பவைக்க முடியாது. செய்து பார்க்க வேண்டும். பழைய தகரத்தில் புத்தக அளவில் நான்கு துண்டுகள் வெட்டி, மனதில் உள்ள நான்கு நிறங்களை முறைப்படி அடித்து, உழவு இயந்திரப் பெட்டியின் பக்கவாட்டில் கட்டிவிடுங்கள். வயலுக்கும் கடைக்கும் ஒரு கிழமை அது போய்வரட்டும். கழுவ வேண்டாம். எட்டாம் நாள் நான்கையும் முற்றத்தில் வரிசையாக வைத்து, இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். பின்னர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, துடைக்காமல் வெயிலில் காயவிட்டு மறுபடி பாருங்கள். வன்னியின் பல கிணறுகளில் கேத்தலின் அடியில் சுண்ணாம்பு கட்டும் அளவுக்குக் கடினமான தண்ணீர்தான் இருக்கிறது. அது காய்ந்து விடும் வெள்ளைப் புள்ளிகள் கருநிறங்களில் அம்மைத் தழும்புபோல நிற்கும், வெளிறிய நிறங்களில் தேடினாலும் கிடைக்காது.

சிவப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பத்துப் பேரில் எட்டுப் பேர் சிவப்பையே கேட்கிறார்கள். சிவப்புச் சாயங்கள் பல வெயிலுக்குத் தாங்காதவை; பழைய சிவப்புக் கார்கள் பொனற்றிலும் டிக்கி மூடியிலும் முதலில் வெளிறி, பிறகு இளஞ்சிவப்புச் சுண்ணாம்பாக மாறுவது இதனால்தான். இன்றைய நல்ல பெயின்ற் முன்னையதைவிட நீண்ட காலம் தாங்கும் என்றாலும், வருடம் முழுவதும் திறந்த முற்றத்தில் நிற்கும் காருக்கு நான் சிவப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். கூரையுள்ள கொட்டில் இருந்தால் அடியுங்கள். அப்போதும் மஞ்சள் சாயல் உள்ள செம்மையைத் தவிர்த்து, சற்று அரக்குப் பக்கம் சாய்ந்ததை எடுத்தால், கிறவல் மண்ணோடு கலந்து போகாமல் தனித்து நிற்கும்.

அடுத்த ஆசை பச்சை. மோட்டார்ப் பந்தயத்தின் தொடக்க காலத்தில் நாடுகளுக்கென நிறங்கள் இருந்தன. பிரான்ஸுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு, பிரித்தானியாவுக்குப் பச்சை. 1903ஆம் ஆண்டின் கோர்டன் பெனற் கிண்ணப் போட்டி அயர்லாந்தில் நடத்தப்பட்டபோது, அந்த மண்ணின் மரியாதைக்காகப் பிரித்தானியக் கார்கள் பச்சையில் ஓடின என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. ஆனால் பிரித்தானியப் பந்தயப் பச்சை என்று ஒரே ஒரு நிறம் கிடையாது. இளம்பச்சை முதல் ஏறத்தாழக் கறுப்பு வரை பல கலவைகள் அந்தப் பெயரில் விற்கப்பட்டுள்ளன. எனவே கடைக்காரரிடம் பெயரைச் சொல்லாமல் குறியீட்டையோ மாதிரித் துண்டையோ கொடுக்க வேண்டும். நம் ஊருக்கே உரிய இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மினுக்கம் குறைந்த, பாசி படிந்த பச்சை இந்த மண்ணில் இராணுவ வாகனத்தின் நிறம். புழுதி படிந்த ஒரு பச்சைக் கார் ஒழுங்கையில் திரும்பும்போது அயலவர் முகத்தில் என்ன தோன்றும் என்பதை, இங்கே வாழ்ந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பச்சைதான் வேண்டுமென்றால் நீலம் கலந்த ஆழ்ந்த பச்சையை, நல்ல மினுக்கத்துடன் அடியுங்கள்.

கறுப்பு வேண்டாம். வெயிலைக் குடித்து உலோகம் தொட முடியாதபடி சுடும். தகரவேலையின் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். போதாததற்கு, கண்ணாடிபோல் மினுங்கும் கருநிறத்தில் தன் நிழலைக் கண்டு இன்னொரு ஆண் மயில் என்று எண்ணி வந்து கொத்தும் மயில்களுக்கும் வன்னியில் பஞ்சமில்லை. சில்வரும் சாம்பலும் வேறு காரணத்தால் ஒதுக்கத்தக்கவை: எம்.ஜி.ஏ.யின் உயரம் நாலடியைச் சற்றே தாண்டும், தார் வீதியின் கானல் நீருக்குள் அந்த உயரத்தில் ஒரு சாம்பல் நிறக் கார் எதிரே வரும் பஸ்ஸுக்குத் தெரியவே தெரியாது.

வெளிறிய நிறத்துக்கும் குறைகள் உண்டு. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்த பிறகு பொனற்றில் வைக்கும் குங்குமம் வெள்ளையில் கறையாக ஊறிவிடும்; சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள். முல்லைத்தீவுக் கடற்காற்றில் நிற்கும் காரில் துரு தொடங்கினால், வெள்ளையில் அது மஞ்சள் கோடாக உடனே தெரியும். இதைக் குறை என்று பலர் சொல்கிறார்கள், நானோ இதை நன்மை என்பேன், ஏனெனில் நேரத்தோடு தெரிந்த துருவை நேரத்தோடு வெட்டி எறியலாம். கடைசிக் குறை, பாலாடை நிறத்தில் கூரையில்லாத கார் ஒன்று ஊரில் இருந்தால், ஆவணி மாதத்து மாப்பிள்ளைகள் எல்லாரும் அதைக் கேட்டு வருவார்கள்.

நிறத்தைத் தனியாகப் பார்க்காமல் இருக்கை, கன்வஸ் மூடி, சில்லு ஆகியவற்றோடு சேர்த்துப் பாருங்கள். பாலாடை வெள்ளையோடு சிவப்பு இருக்கையும் கறுப்பு இருக்கையும் இரண்டுமே பொருந்தும். இளநீலத்தோடு சிவப்பு இருக்கை கண்ணை உறுத்தும். 1974இன் கடைசியிலிருந்து வந்த எம்.ஜி.பி.யில் குறோம் பம்பருக்குப் பதிலாகப் பெரிய கறுப்பு றப்பர் பம்பர் இருக்கிறது. வெளிறிய நிறம் அதைத் துருத்திக் காட்டும் என்பதால், நான் மேலே சொன்னதற்கு மாறாக, அந்தக் கார் ஒன்றுக்கு மட்டும் ஆழ்ந்த நிறம் பொருத்தம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

உலோகத் தூள் கலந்த நிறங்களை ஏன் விலக்கச் சொன்னேன் என்பதற்குக் காரணம் அழகு மட்டுமன்று. அவற்றுக்கு மேலே தெளிந்த லாக்கர் படை கட்டாயம்; வெயிலில் அந்தப் படை உரியத் தொடங்கினால் முழுப் பகுதியையும் சுரண்டித் திரும்ப அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிறவல் கல் தெறித்த இடத்தை மட்டும் திருத்தினாலும், தூள் படிந்த திசை மாறி, ஒட்டுப்போட்டது தெரியும். தூள் இல்லாத நிறத்தை, கடினப்படுத்தி என்னும் இறுக்கும் திரவம் கலந்த டூ-கே பெயின்றில் லாக்கர் இன்றியே அடிக்கலாம். மங்கினால் தேய்த்து மினுக்கலாம். கல் பட்ட இடத்தைச் சிறு பிரஷ்ஷால் தொட்டுவிடலாம். பழைய செல்லுலோஸ் பெயின்றின் மென்மையான ஒளி இந்தக் கார்களுக்கு உரியதுதான், ஆனால் அதற்கு அடிக்கடி மினுக்கும் பொறுமை வேண்டும். டூ-கே கடினப்படுத்தியில் உள்ள ஐசோசயனேற் மூச்சுக்குழாயை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல், முகத்தில் சாரத்தைக் கட்டிக்கொண்டு அதை அடிப்பவரிடம் காரை ஒப்படைக்காதீர்கள்.

கலவைக் கடையில் நடந்த என் தவறையும் சொல்ல வேண்டும். மைத்துனரின் காருக்கு இளநீலம் கலக்க, கதவின் உட்புறத் தகட்டைக் கழற்றிக்கொண்டு நகரத்துக் கடை ஒன்றுக்குப் போனோம். ரியூப் லைற் வெளிச்சத்தில் மாதிரியும் தகடும் ஒன்றாகவே இருந்தன. நாங்களும் மகிழ்ந்து முழு அளவையும் வாங்கிவந்து அடித்தோம். வெயிலுக்குள் தள்ளியபோது கார் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. வெவ்வேறு சாயங்களால் கலக்கப்பட்ட இரண்டு நிறங்கள் ஒரு விளக்கின் கீழ் ஒத்தும் இன்னொரு வெளிச்சத்தில் வேறுபட்டும் தெரியலாம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம். ஒழுங்கைப் பிள்ளைகள் வைத்த கத்தரிக்காய்க் கார் என்ற பெயர், மறுபடி அடித்த பிறகும் போகவில்லை. ஆகவே மாதிரியைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து, நிழலிலும் வெயிலிலும் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். மாதிரியைத் தட்டைத் தகட்டில் மட்டும் பார்ப்பதும் போதாது. இந்தக் கார்களில் தட்டையான இடமே குறைவு. உடைந்த மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கியைப்போல் வளைந்த ஏதாவதொன்றில் அடித்தால், வெளிச்சம் விழும் மேட்டிலும் நிழல் தங்கும் பள்ளத்திலும் நிறம் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரியும். மாதிரிக்கு அடியில் காருக்கு அடித்த அதே பிறைமர் இருக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் அடிநிறத்தை முழுதாக மறைக்காதவை, செங்காவிப் பிறைமரின் மேல் ஒரு விதமாகவும் சாம்பலின் மேல் இன்னொரு விதமாகவும் தோன்றும்.

நாளையும் பார்த்தே அடிக்க வேண்டும். மாரி மாதங்களின் ஈரக்காற்றில் செல்லுலோஸ் பூச்சு காயும்போது வெண்புகை படிந்ததுபோல் மங்கும். சோளக மாதங்களில் ஈரப்பூச்சில் புழுதி விழும். மாரி ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்களில், காற்று எழுவதற்கு முந்திய காலை வேளையே நல்லது. கொட்டிலின் மண் தரையை நன்றாக நனைத்து, திறந்த பக்கங்களில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, வெப்பத்துக்கு ஏற்ற மெதுவாகக் காயும் தின்னரைக் கேட்டு வாங்குங்கள். வேகமாகக் காயும் தின்னர் துளிகளைத் தகரத்தில் விழும் முன்பே உலர்த்தி, மேற்பரப்பை மணல்போல் சொரசொரப்பாக்கிவிடும், அப்போது நீங்கள் தெரிவு செய்த நிறம் இரண்டு படி வெளிறித் தெரியும்.

முழுக் காருக்கும் வேண்டிய பெயின்றை ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள், ஏனெனில் இரண்டாவது கலவை முதலாவதைப்போல் வருவதில்லை. கடினப்படுத்தி கலக்காத அரை லீற்றரை இறுக மூடி, டின்னில் ஒட்டியிருக்கும் கலவைச் சீட்டின் பிரதியோடு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சீட்டின் எழுத்து ஓரிரு வருடத்தில் மறைந்துவிடும். அந்த எண்களைப் பேனாவால் ஒரு கொப்பியிலும், டிக்கி விரிப்பின் அடியில் ஒரு தகரத் துண்டிலும் எழுதி வையுங்கள்.